கூண்டு கட்டிய பந்தய வண்டிகளும் அவற்றுக்குரிய களங்களும்

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தச் செய்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அதில் நம் கருத்தைக் கவரும் நுட்பம் ஒன்று உண்டு. முறையாகப் பயிற்சி அளித்துப் பந்தயத்துக்கென உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு, ஹஃப்யா என்னும் இடம் முதல் ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவு வகுக்கப்பட்டது. அத்தகைய பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ, ஸனிய்யத்துல் வதா முதல் பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவே வகுக்கப்பட்டது. இருவகைக் குதிரைகளும் ஒரே களத்தில் ஓட விடப்படவில்லை. ஓடும் உயிரின் தன்மைக்கேற்பக் களம் அமைய வேண்டும் என்னும் அறிவு அதில் பொதிந்துள்ளது.

குதிரையின் இடத்தை இன்று எஞ்சின் பிடித்துக்கொண்டுள்ளது. ஆயினும் அந்தப் பழைய அறிவு பழுதுபடவில்லை. கோ-கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகளில், ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டு கட்டிய வகைகள் பல உள்ளன. அவை யாவை, எந்தக் களத்தில் எது ஓடலாம், ஏன் மற்றொரு களத்தில் ஓடலாகாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூண்டில்லா வண்டியின் இயல்பு

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், பந்தயக் கார்களைக் கட்டும் தொழிலில் இருந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், குழாய்ச் சட்டத்தின்மீது ஒரு சிறு எஞ்சினைப் பொருத்தி முதல் கோ-கார்ட்டை உருவாக்கினார். இன்றளவும் அதன் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. அதிர்வு தாங்கும் சுருள்வில் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் தரையை ஒட்டினாற்போல் அமர்ந்திருப்பார்.

இவ்வகை வண்டியில் இருக்கைப் பட்டை கிடையாது. இது பலருக்கு வியப்பளிக்கும். காரில் பட்டை அணியாதது குற்றமாயிருக்க, அதைவிடத் திறந்த வண்டியில் பட்டையே இல்லாதது எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. விடை எளிது. வண்டி கவிழ நேர்ந்தால், தலைக்கு மேல் காக்கும் அமைப்பு எதுவும் இல்லை. அந்நிலையில் பட்டையால் பிணைக்கப்பட்டவர் வண்டிக்கும் தரைக்கும் இடையே நசுங்குவார். பிணைக்கப்படாதவர் வண்டியை விட்டு விலகி உருள்வார். இரண்டு தீமைகளுள் சிறியதைத் தேர்ந்த ஏற்பாடு இது.

கூண்டின் இலக்கணம்

கூண்டு கட்டிய வண்டியில் இந்த விதி தலைகீழாகிறது. வளைந்த எஃகுக் குழாய்களால் ஆன கூண்டு, வண்டி எத்தனை முறை உருண்டாலும் ஓட்டுநரைச் சுற்றி ஓர் இடைவெளியைக் காத்து நிற்கிறது. அந்த இடைவெளிக்குள் உடல் அசையாது இருந்தால்தான் பாதுகாப்பு. எனவே தோள், இடுப்பு, தொடை ஆகிய பகுதிகளைப் பிணைக்கும் பல முனைப் பட்டை இங்குக் கட்டாயமாகிறது. பட்டையின்றிக் கூண்டில் அமர்வது, கூண்டே இல்லாத வண்டியில் செல்வதினும் கொடியது. ஏனெனில் உடலும் தலையும் இரும்புக் குழாய்களின்மீதே மோதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வண்டி உருளும்போது மனிதன் தன்னையறியாமல் கையை வெளியே நீட்டித் தரையை ஊன்ற முயல்கிறான். அந்தக் கை கூண்டின் குழாய்க்கும் தரைக்கும் இடையே சிக்கினால் மீளாது. ஆகவே இரு கைகளையும் கூண்டுக்குள்ளேயே நிறுத்தும் கைக்கட்டுப் பட்டைகளும் அணிவிக்கப்படுகின்றன. தலைக்கவசம், கழுத்துக் காப்பு, தீ எளிதில் பற்றாத உடை, தலையருகே குழாய்களின்மீது மெத்தை ஆகிய அனைத்தும் சேர்ந்தே கூண்டு முழுமை பெறுகிறது. கூண்டு ஒரு பொருளன்று. ஒரு முறைமை எனலாம்.

வகைகளும் களங்களும்

முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது குவார்ட்டர் மிட்ஜெட். மிட்ஜெட் எனப்படும் பந்தயக் காரின் கால்பங்கு அளவில் சிறுவர்களுக்கென அமைந்தது இது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையிலானோர் இதனை ஓட்டுவர். கார்ட்டைப் போலன்றி இதற்குச் சுருள்வில் அமைப்பு உண்டு. இதன் களம் மைலில் இருபதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 80 மீட்டர் சுற்றளவுள்ள சிறு நீள்வட்டத் தடம். தார், கான்கிரீட், களிமண் ஆகிய மூவகைத் தரைகளிலும் இத்தகைய தடங்கள் உள்ளன. பின்னாளில் அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைப் பந்தயத் தொடரில் நான்கு முறை வாகை சூடிய ஜெஃப் கோர்டன், கலிபோர்னியாவின் வலேஹோ நகரில் ஐந்து வயதில் தொடங்கியது இவ்வண்டியில்தான்.

இரண்டாவது சாம்ப் கார்ட். கூண்டில்லாக் கார்ட்டின் அடிச்சட்டத்தை அகலமாக்கி, கூண்டும் நிமிர்ந்த இருக்கையும் பொருத்தினால் கிடைப்பது இதுவே. சுருள்வில் இல்லை. புல்வெட்டும் கருவிகளுக்கும் நீரிறைப்பான்களுக்கும் எஞ்சின் செய்து பெயர்பெற்ற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் ஒற்றை உருளை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களே இதில் பெரிதும் பயன்படுகின்றன. அவற்றுள் ஒருவகை, யாரும் திறந்து திருத்த இயலாதவாறு தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்பட்டு வருகிறது. பணம் படைத்தவன் எஞ்சினை விலைக்கு வாங்கி வெல்வதைத் தடுத்து, ஓட்டுந்திறனுக்கே வெற்றியை அளிக்கும் நல்லேற்பாடு அது. சிறிய களிமண் நீள்வட்டத் தடங்களே இவ்வண்டிக்குரிய முதன்மைக் களம். அமெரிக்காவின் தென்கிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களில் இவை மிகுதி.

மூன்றாவது அவுட்லா கார்ட். இது வட கலிபோர்னியாவில் வளர்ந்த வகை. கூண்டின்மீது ஒரு பெரிய இறக்கை பொருத்தப்பட்டிருக்கும். விமானத்தின் இறக்கை மேல்நோக்கித் தூக்குவது போல், இது வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதனால் தளர்ந்த மண்ணிலும் சக்கரம் பிடிமானம் பெறுகிறது. வண்டி கவிழும்போது முதல் அடியைத் தாங்கி நொறுங்கி வேகத்தைத் தணிப்பதும் இந்த இறக்கையே. சிறுவர்களுக்கான எளிய எஞ்சின் பிரிவு தொடங்கி, மலைமேட்டு மோட்டார் சைக்கிள்களின் 250 சி.சி., 500 சி.சி. எஞ்சின்கள் பூட்டிய பிரிவுகள் வரை படிநிலைகள் உள்ளன. கலிபோர்னியாவின் சைக்கிள்லேண்ட், ரெட் பிளஃப் ஆகியனவும், வட கரோலினாவின் சாலிஸ்பரி நகரிலுள்ள மில்பிரிட்ஜும் இதன் பெயர்பெற்ற களங்கள். 2021-இல் நாஸ்கார் வாகை சூடிய கைல் லார்சன் சிறுவயதில் பழகியது இவ்வகை வண்டியில்தான்.

நான்காவது மைக்ரோ ஸ்பிரிண்ட். கார்ட்டுக்கும் முழுப் பந்தயக் காருக்கும் இடைப்பட்ட பாலம் இது. 600 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினும், நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் அமைப்பும் கொண்டது. ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், ஆண்டிறுதியை ஒட்டி, மாபெரும் கண்காட்சி மண்டபத்துக்குள் மண் கொட்டித் தடம் அமைத்து இவற்றுக்குப் பந்தயம் நடத்துகின்றனர்.

ஐந்தாவது ஐரோப்பாவின் கிராஸ்கார்ட். ஸ்வீடன் நாட்டில் வேரூன்றிய இவ்வகை, மேடுபள்ளங்களில் பாய்வதற்கென நீண்ட சுருள்வில்களைக் கொண்டது. 85 சி.சி. முதல் 650 சி.சி. வரை வயதுக்கேற்ற பிரிவுகள் உண்டு. சரளையும் தாரும் கலந்த, இடமும் வலமும் திரும்பும் தடங்களே இதன் களம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யும் இவ்வகையைக் கிராஸ் கார் என்னும் பெயரில் ஏற்றுக்கொண்டுள்ளது.

களம் மாறினால் நேர்வது

நீள்வட்டத் தடத்தில் வண்டி எப்போதும் இடப்புறமே திரும்புகிறது. திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவைக் கடக்க வேண்டும். இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் வெவ்வேறு வேகத்தில் சுழல இயலாது. எனவே வலப்புறப் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பெரிய டயரைப் பூட்டுகின்றனர். எடையையும் இடப்பக்கமாகச் சாய்த்து வைக்கின்றனர். மேசைமீது உருட்டிவிட்ட காகிதக் கூம்பு தானே வளைந்து ஓடுவதைப் போல, அவ்வண்டியும் தானே இடப்புறம் வளைய விரும்பும். அதே வண்டியை வலப்புறத் திருப்பங்கள் உள்ள தடத்தில் ஓட்டினால், அது கைக்கு அடங்காது. எளிதில் கவிழவும் கூடும். கூண்டினால் எடையின் மையம் உயர்ந்திருப்பது இந்த ஆபத்தை மேலும் பெருக்குகிறது.

கூண்டு வண்டியும் கூண்டில்லா வண்டியும் ஒரே பந்தயத்தில் கலந்து ஓடாததற்கும் காரணம் உண்டு. உயரமான வண்டியின் சக்கரம், தாழ்வான வண்டியின்மீது ஏறிவிடக்கூடும். அங்கே காப்பின்றி அமர்ந்திருப்பது ஒரு மனித உடல். வலியவன் அணிந்த கவசமே எளியவனுக்கு ஆயுதமாகிவிடும் நிலை அது. இவ்வண்டிகளுள் எதுவும் பொதுச்சாலையில் ஓடுவதற்கு உரியதன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

நம் மாணவர்க்கு

நம் நாட்டில் பொழுதுபோக்கு இடங்களில் வாடகைக்குக் கிடைப்பன பெரும்பாலும் கூண்டில்லா வண்டிகளே. அவற்றின் பின்னச்சு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே சுழல்கிறது. 2018-இல் ஹரியானாவிலும், 2020-இல் ஹைதராபாத்திலும் இத்தகைய வண்டியில் சென்ற பெண்களின் கூந்தல் சக்கரப் பகுதியில் சிக்கி அவர்கள் உயிரிழந்தனர். ஹைதராபாத்தில் மாண்டவர் பொறியியல் பயின்ற மாணவி. கூந்தலும் துப்பட்டாவும் தலைமுக்காட்டின் தொங்கலும் இறுக முடிந்து மேலங்கிக்குள் செருகப்பட்டனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வண்டியை வாடகைக்கு விடுபவரின் முதற்கடமை அது. ஏறி அமர்பவரும், உடன் வந்த பெற்றோரும் அதனைக் கேட்டுப் பெறுவது உரிமை.

கூண்டின் அறிவியலைக் கையால் கற்கும் வாய்ப்பும் மாணவர்க்கு உண்டு. 1976-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாஹா போட்டி, 2007 முதல் இந்தியாவிலும் நடைபெறுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் அது முதன்முதலில் நடந்தது. பொறியியல் மாணவர்களே கூண்டு வண்டியை வடிவமைத்து, பற்றவைத்துக் கட்டி, கரடுமுரடான தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டத்துக்கு முன்பே கூண்டின் குழாய்த் தடிமனும் பற்றவைப்பும் சோதிக்கப்படும். ஓட்டுநர் பட்டைகளை அவிழ்த்து ஐந்தே விநாடிகளில் வெளியேறிக் காட்ட வேண்டும் என்பதும் விதி. அச்சோதனையில் தேறாத வண்டி, எத்துணை வேகமுடையதாயினும் களத்தில் இறங்க இயலாது.

முடிவுரை

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டியவரிடம், முதலில் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நபிகளார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். கூண்டு கட்டுவதும் பட்டை அணிவதும் அந்த அறிவுரையின் இக்காலச் செயல்வடிவங்களேயாகும். பந்தயம் சூதாகாதவரை வேகத்தின்மீது இளைஞர் கொள்ளும் ஆர்வத்தைப் பெரியோர் வெறுக்க வேண்டுவதில்லை. குதிரைகளுக்குத் தொலைவு வகுத்ததைப் போல, அதற்கொரு களத்தையும் காப்பையும் வகுத்துக் கொடுத்தால் போதும். இளைஞரும், தம் வண்டி எதுவென்றும் அதற்குரிய களம் எதுவென்றும் அறிந்த பின்னரே எஞ்சினை இயக்குவாராக. வெற்றி ஒருவருக்கே கிட்டும். பாதுகாப்பாக வீடு திரும்புதல் அனைவருக்கும் கிட்டலாம்.