வியர்வையைச் சிறை செய்யும் சட்டை

மாணவர்களே! ஐப்பசி மழையில் ரப்பர் மழைக்கோட்டு அணிந்து நெய்வேலிச் சுரங்க வேலைக்குப் போய்த் திரும்புபவரைக் கவனியுங்கள். மழைநீர் உள்ளே புகுந்திராது; ஆனால் சட்டை வியர்வையால் நனைந்திருக்கும். நமக்குத் தொல்லையான இக்குணமே கடுங்குளிரில் உயிர் காக்கும்!

1984 முதல் நம் வீரர்கள் காவல் புரியும் சியாச்சின் பனியாற்றில், குளிர்காலத்தில் வெப்பநிலை −50 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே காலுறை ஈரமானால் கால்விரல்கள் உறைந்து, அவற்றை இழக்கவும் நேரலாம். ஈரம் எங்கிருந்து வருகிறது? நம் உடலிலிருந்தே!

சும்மா இருக்கும்போதும் தோல் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக உடல் சுமார் 580 கலோரி வெப்பத்தை இழக்கிறது. மொத்த இழப்பு 2,32,000 கலோரி. இது 3 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது!

அந்த நீராவி கம்பளி உடையினூடே வெளியேறும்போது வழியிலேயே குளிர்ந்து பனிக்கட்டியாகிறது. கம்பளியின் சிறப்பு அதனுள் அடைபட்ட காற்றுதான். பனிக்கட்டியோ அசைவற்ற காற்றைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். எனவே நாளுக்கு நாள் உடை கனக்கும், கதகதப்பு குறையும்.

இதற்கு ஒரு வழி, மெல்லிய உள்ளாடைக்கு மேலும் கம்பளிக்கு உள்ளேயும் நீராவி புகாத நைலான் சட்டை அணிவது. தோலருகே ஈரப்பதம் உயர்வதால் ஆவியாதல் குறைகிறது. கம்பளியும் உலர்ந்தே இருக்கிறது. 1950-53 கொரியப் போரில் அமெரிக்கப் படையினர் அணிந்த ஒருவகைப் பூட்சில் இரு ரப்பர் அடுக்குகளுக்கிடையே கம்பளி வைத்து மூடப்பட்டிருந்தது. கால் வியர்வையும் வெளிப்பனியும் கம்பளியைத் தொடவில்லை.

ஆனால் எச்சரிக்கை தேவை. உறைநிலைக்கு வெகு கீழான குளிருக்கே இது ஏற்றது. மலையேறி உடல் சூடானால் மேலாடையைத் தளர்த்த வேண்டும். இல்லையேல் வியர்வையில் குளிக்க நேரும். நாள்தோறும் கால்களைத் துடைத்து உலர்த்தி, காலுறை மாற்ற வேண்டும். ஈரத்தில் ஊறிய தோல் புண்ணாகும். உப்பும் அழுக்கும் போக இச்சட்டையை மென்மையான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்துவது நல்லது. நெருப்பருகே காயவைத்தால் நைலான் உருகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துளையிருந்தால் ஒட்ட வேண்டும்.

ஒரு சோதனை: ஒரு கையைப் பாலிதீன் பையினுள் விட்டு, மணிக்கட்டில் தளர்வாகக் கட்டிக்கொண்டு, மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் அமருங்கள். எந்தக் கை கதகதப்பாக உள்ளது? பையின் உட்புறத்தில் என்ன தெரிகிறது? காரணத்தை இப்போது நீங்களே கூறுவீர்கள்!