ஜெயித்தது லட்சம், கையில் வந்தது பூஜ்யம்! ஆன்லைன் பந்தயப் பணத்துக்கு கோர்ட்டும் கை கொடுக்காது

ஒட்டன்சத்திரம்,

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிய விவசாயி, கமிஷன் மண்டியில் சீட்டை நீட்டினால் பணம் வாங்கலாம். தராவிட்டால் சண்டை போடலாம். கோர்ட்டுக்கும் போகலாம்.

செல்போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டி ஜெயித்தவர் கதி? அதோ கதிதான்!

முதலில் தூண்டில்

ஆட்டம் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஐ.பி.எல். மாட்சுக்கு ஒருவர் 500 ரூபாய் கட்டுகிறார். ஜெயிக்கிறார். சின்னத் தொகை உடனே வந்துவிடும். நம்பிக்கை பிறந்ததும் பெரிய தொகை உள்ளே போகும். திரையில் லட்ச ரூபாய் மின்னும்.

அதை வெளியே எடுக்கப் போனால்தான் வில்லங்கம்!

"ஆதார் சரியில்லை" என்பார்கள். "போனஸ் வாங்கினீர்களே, இன்னும் இத்தனை மடங்கு ஆடுங்கள்" என்பார்கள். கடைசியில், "30 சதவீத வரியை முதலில் கட்டுங்கள், மொத்தத்தையும் அனுப்புகிறோம்" என்பார்கள்.

சுத்தப் புளுகு! வெற்றிப் பணத்துக்கு 30 சதவீத வருமான வரி இருப்பது நிஜம். ஆனால் 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, கம்பெனிதான் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும். தனியாகக் கட்டச் சொன்னாலே மோசடி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வழக்குப் போட்டால்?

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்கே போட முடியாது. நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைத்த பந்தயப் பணத்துக்கும் இதே கதி.

"எங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறது" என்று பல கம்பெனிகள் மார்தட்டும். எங்கே வாங்கியது? கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில்! அந்தக் காகிதம் திண்டுக்கல் கோர்ட்டில் செல்லுபடி ஆகாது.

லைசென்ஸுக்கு மரியாதை உள்ள பிரிட்டனிலேயே பாடு லேசில்லை. 2018 ஜனவரியில் பெட்ஃபிரெட் என்ற பந்தயக் கம்பெனியின் செல்போன் சீட்டாட்டத்தில் ஒருவர் 17 லட்சம் பவுனுக்கு மேல் ஜெயித்தார். "மெஷின் கோளாறு" என்று கம்பெனி கைவிரித்தது. லண்டன் ஐகோர்ட் 2021 ஏப்ரலில்தான் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. சூதாட்ட ஒப்பந்தத்துக்கும் வழக்குப் போடலாம் என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் அங்கே வழி விட்டிருந்தது. நமக்கு அந்தக் கதவும் கிடையாது.

தேள் கொட்டிய கதை

போலீசுக்குப் போகலாமா? அங்கேதான் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி, சூதாடியவருக்கே 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடத்துகிறவரைப் பிடிக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அவர் கடல் கடந்து உட்கார்ந்திருந்தால்?

பணம் வந்தாலும் நிம்மதி இல்லை. அதை அனுப்புவது பல சமயம் யாரோ ஒருவர் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட பேங்க் கணக்கு. அதில் வேறு மோசடிப் பணம் கலந்திருந்தால், வாங்கியவர் கணக்கும் முடங்கும். மளிகைக் கடைக்காரரின் கணக்கு முடங்கினால், சரக்கு எடுக்கப் பணம் ஏது?

என்ன செய்வது?

வரி, கட்டணம் என்று இனி ஒரு பைசா அனுப்பாதீர்கள். திரையில் தெரிவதைப் படம் எடுத்து, பணம் அனுப்பிய ரசீது எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால், அந்தப் பணம் கைமாறுவதற்குள் தடுக்க வழி உண்டு.

பழைய தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பிறந்த வருஷமும் 1930தான். நம்பரை மறக்கமாட்டீர்கள்!

போன பணம் போகட்டும். அதைத் தேடி இன்னொரு நோட்டு போகவேண்டாம்.