குடியானவர் குடும்பமும் வரி மாறுதல்களும்

விதையையும் எருவையும் நீரையும் பற்றிக் கருத்தூன்றி விசாரிக்கும் குடியானவர், வரியைப் பற்றி மட்டும் "அது பட்டணத்தாருக்குரிய விஷயம்" என்று எண்ணி வாளாவிருப்பதுண்டு. முற்காலத்தில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தியிருக்கலாம். இக்காலத்திலோ ஒரே குடும்பத்தில் நிலமும், கறவை மாடும், செக்கும், மகனின் சம்பளமும் கலந்திருக்கின்றன. ஆகவே 2025 ஆம் ஆண்டில் ஏற்பட்ட வரி மாறுதல்களையும், அவற்றால் குடும்பத்திற்கு உண்டாகும் லாப நஷ்டங்களையும் இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

விவசாய வருமானம் எது?

இந்திய தேசத்தில் 1860-ல் முதன்முதலாக வருமான வரி விதிக்கப்பட்டபோது நில வருமானமும் அதில் அடங்கியிருந்தது. 1886 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கியது. அரசியல் சட்டப்படி விவசாய வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களைச் சேர்ந்தது. மத்திய வருமான வரியில் அதற்கு விலக்கு உண்டு. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துள்ள 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இவ்விலக்கு தொடர்கிறது.

ஆயினும் கிராமத்தில் சம்பாதித்ததெல்லாம் விவசாய வருமானம் ஆகிவிடாது. நிலத்தில் உழுது பயிரிட்டு எடுத்த விளைபொருள், அதனைச் சந்தைக்கு ஏற்றதாக்கும் பொருட்டுக் குடியானவர் வழக்கமாகச் செய்யும் அடித்தல், தூற்றல், உலர்த்தல் முதலிய வேலைகள், விவசாய நிலத்தின் குத்தகை, நாற்றங்காலில் வளர்த்த கன்றுகள் ஆகியவற்றின் வருமானம் விலக்குக்கு உரியது. பால் மாடு, கோழிப் பண்ணை, மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு ஆகியவற்றின் வருமானம் விலக்குக்கு உரியதன்று. நீலகிரி போன்ற இடங்களில் தாமே தேயிலை பயிரிட்டுத் தூளாக்கி விற்பவருடைய வருமானத்தில் 100-க்கு 60 பங்கு விவசாயத்தைச் சேர்ந்தது. எஞ்சிய 40 பங்கு வியாபாரத்தைச் சேர்ந்தது.

செக்கு வைத்திருப்பவர் தம் கணக்கை எவ்வாறு பிரிக்க வேண்டுமென்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். ஒருவர் தம் நிலத்தில் விளைந்த, சந்தை விலையில் ரூ.3,00,000 பெறக்கூடிய நிலக்கடலையை ஆட்டி, எண்ணெயும் பிண்ணாக்குமாக ரூ.4,00,000-க்கு விற்கிறார். ஆட்டுச் செலவு ரூ.40,000. இதில் கடலையின் மதிப்பாகிய ரூ.3,00,000 விவசாயத்தின் வரவு. சாகுபடிச் செலவை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். மிகுந்துள்ள ரூ.60,000 மட்டுமே வியாபார லாபம். முழுத் தொகையையும் விவசாயம் என்று காட்டுவதும் பிழை. முழுவதையும் வியாபாரம் என்று எண்ணி அஞ்சுவதும் பிழை.

12 லட்சம் வரை வரியில்லை என்பதன் பொருள்

2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையைப் பின்பற்றுவோருக்கு முதல் ரூ.4 லட்சத்திற்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 100-க்கு 5, 8 முதல் 12 லட்சம் வரை 10, 12 முதல் 16 லட்சம் வரை 15 என வீதங்கள் ஏறிச் செல்கின்றன. வருமானம் ரூ.12 லட்சத்திற்கு மேற்படாதவருக்கு ரூ.60,000 வரை வரித் தள்ளுபடி உண்டு. இதனால் 12 லட்சம் வரை வரியில்லை என்னும் பேச்சு எங்கும் பரவியிருக்கிறது. நிலமுடைய குடும்பத்தார் இதனை அப்படியே நம்பிவிடலாகாது. காரணம் பின்வருமாறு.

1972-ல் பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கையையடுத்து, 1973 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு கணக்கு முறையை ஏற்படுத்தியது. ஒருவருடைய நிகர விவசாய வருமானம் ரூ.5,000-க்கு மேற்பட்டு, ஏனைய வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி வீதத்தை நிர்ணயிக்கும் பொருட்டு இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். விவசாய வருமானத்தின்மீது வரி விழாது. ஆனால் அது ஏனைய வருமானத்தை உயர்ந்த படிக்குத் தள்ளிவிடும்.

உதாரணமாக, 60 வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பால் பண்ணையிலிருந்தும் கடையிலிருந்தும் நிகர வருமானம் ரூ.9 லட்சம், நிலத்திலிருந்து ரூ.6 லட்சம். கணக்கு இவ்வாறு அமையும்:

1. இரண்டும் சேர்ந்த 15 லட்சத்திற்கு வரி ரூ.1,05,000.
2. விவசாய வருமானம் 6 லட்சத்துடன் விலக்கு வரம்பு 4 லட்சத்தைக் கூட்டிய 10 லட்சத்திற்கு வரி ரூ.40,000.
3. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ரூ.65,000.
4. தள்ளுபடி ரூ.60,000 போக மீதி ரூ.5,000, இதன்மேல் 100-க்கு 4 வீதம் கூடுதல் தீர்வை ரூ.200. ஆக ரூ.5,200.

நிலமின்றி 9 லட்சம் மட்டும் உடையவருக்கு வரி ஒன்றுமில்லை. மேற்படி குடியானவரோ ரூ.5,200 செலுத்துவதோடு, பிரதமர் கிஸான் திட்டத்தில் ஆண்டுதோறும் பெறும் ரூ.6,000-ஐயும் இழக்க நேரிடும். முந்திய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர் அவ்வுதவிக்கு உரியவரல்லர் என்பது விதி.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். வரியில்லை என்பது வேறு, கணக்குத் தாக்கல் வேண்டியதில்லை என்பது வேறு. விவசாயமல்லாத வருமானம் ரூ.4 லட்சத்தைத் தாண்டினால், தள்ளுபடியால் வரி முற்றும் நீங்கினாலும், தாக்கல் செய்தே தீர வேண்டும். வரியும் குடும்பத்தின்மீது விழுவதன்று. வருமானத்திற்குரிய ஒவ்வோர் ஆளின்மீதும் தனித்தனியே விழுவது. மனைவி தம் சொந்த முதலைக் கொண்டு மாடு வளர்த்தால் அவ்வருமானம் அவருடையது. கணவன் தன் முதலை மனைவிக்கு இனாமாகக் கொடுத்து அதிலிருந்து வரும் வருமானமோ கணவன் கணக்கிலேயே சேரும். ஆதலால் பெயரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

சிறு வியாபாரம்

சிறு வியாபாரிகள் விரிவான பேரேடுகள் வைக்காமல், விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டி வரி செலுத்த ஏற்பாடு உண்டு. ரூ.2 கோடி வரை விற்பனையுள்ளவர், ரொக்க வரவில் 100-க்கு 8-ம், வங்கி வழி வரவில் 6-ம் லாபமாகக் காட்டலாம். ரூ.40 லட்சம் விற்பனை முழுவதும் ரொக்கமாயின் லாபம் ரூ.3,20,000, வங்கி வழியாயின் ரூ.2,40,000.

சரக்கு மற்றும் சேவை வரியில், தம் நிலத்து விளைபொருளை விற்கும் குடியானவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. எண்ணெய் முதலிய சரக்குகளை விற்பவர், தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கருவிகளின் விலை

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டர், அறுவடை எந்திரம், சொட்டு நீர்க் கருவி, தெளிப்பு நீர்க் கருவி ஆகியவற்றின் வரி 100-க்கு 12-லிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயர்களின் வரி 18-லிருந்து 5 ஆகவும் குறைக்கப்பட்டது. பதிவில்லாத குடியானவர் தாம் கொடுத்த வரியைத் திரும்பப் பெற வழியில்லையாதலால், இக்குறைப்பு அவருக்கு மெய்யான லாபமே. வரி நீங்கலாக ரூ.6 லட்சம் விலையுள்ள டிராக்டருக்கு முன்பு வரி ரூ.72,000, இப்பொழுது ரூ.30,000. மிச்சம் ரூ.42,000.

ஆனால் விலை குறைந்தது என்பதற்காகவே கடன்பட்டு டிராக்டர் வாங்குவது விவேகமன்று. ரூ.5 லட்சம் கடனுக்கு 100-க்கு 10 வட்டியாயின் முதலாண்டில் மட்டும் ஏறக்குறைய ரூ.50,000 வட்டியாகும், வரியில் மிச்சமானது ஓராண்டிலேயே கரைந்துவிடும். சொந்த உழவுக்கும் வாடகைக்குமாக வண்டிக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலையுண்டு என்று எண்ணிப் பார்த்தே துணிய வேண்டும். வேலை குறைவாயின் வாடகைக்கு அமர்த்துவதே மேல்.

அதே நாள் முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டிற்கும் மருத்துவக் காப்பீட்டிற்கும் இருந்த 100-க்கு 18 வரி அறவே நீக்கப்பட்டது. ரூ.20,000 சந்தாவில் இது ரூ.3,600 மிச்சம். ஒரே நோயினால் நிலத்தை விற்க நேர்ந்த குடும்பங்கள் உண்டாதலால், இம்மிச்சத்தைப் பயன்படுத்திக் காப்பீடு செய்துகொள்வது நலம்.

கடனும் கணக்கும்

வரியில் சில ஆயிரம் மிச்சம் பிடித்தும், வட்டியில் பல ஆயிரம் இழப்பவர் பலர். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கிய ரூ.1 லட்சத்திற்கு ஆண்டு வட்டி ரூ.24,000. கிஸான் கடன் அட்டையில் ரூ.3 லட்சம் வரை பயிர்க் கடன் 100-க்கு 7 வட்டியில் வழங்கும் ஏற்பாட்டின்கீழ், தவணை தவறாது செலுத்துபவருக்கு 3 பங்கு குறைந்து 4 ஆகிறது, அதே ரூ.1 லட்சத்திற்கு வட்டி ரூ.4,000 மட்டுமே. 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 லட்சம் வரை ஈடின்றி விவசாயக் கடன் கொடுக்க ரிஸர்வ் வங்கி வகை செய்துள்ளது. தவணை நாள் தவறினால் வட்டிச் சலுகை போய்விடும் என்பதை மறத்தலாகாது.

இவை யாவற்றிற்கும் அடிப்படை ஒழுங்கான கணக்கே. விவசாய வருமானம் என்று சொல்பவரே அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர். சிட்டா, அடங்கல் நகல்கள், விதை, உர ரசீதுகள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் பெற்ற சீட்டுகள் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். நிலத்திற்கு ஒன்று, மாட்டிற்கு ஒன்று, கடைக்கு ஒன்று என மூன்று நோட்டுப் புத்தகங்கள் போதும். அன்றாட வரவு செலவை இரவில் எழுதி வைக்கக் கால் மணி நேரமே ஆகும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டும் எழுதச் செய்யலாம். எது லாபம் தருவது, எது நஷ்டம் விளைப்பது என்பதையும் அந்நோட்டே காட்டிவிடும்.

வரும் சாகுபடி ஆண்டின் தொடக்கத்திலேயே குடியானவர் இம்முறையைக் கைக்கொண்டு, சட்டம் அளிக்கும் சலுகைகளைக் குறைவறப் பெற்று நலமடைவார்களாக.