எல்லாம் கர்ம வினைதானா?

மண் சரிந்து வீடு போனாலும், ஆறு பெருகி வயல் போனாலும், நம் பெண்களின் வாயில் முதலில் வருவது ஒரே பேச்சுத்தான். “போன பிறப்புல என்ன பாவம் செஞ்சமோ மிஸ்” என்பார்கள் தோட்டத்து அம்மாமார். பக்கத்துப் பாயில் இருக்கும் சிங்களத் தாய் “கருமே” என்று பெருமூச்சு விடுவார். சமூகப் பணிக்காக இடைத்தங்கல் முகாம்களுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னரும் இதே பேச்சுத்தான்.

துயரத்தில் இருப்பவர் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வார்த்தை இது என்று விட்டுவிடலாம். அதே வார்த்தையைப் பாதிக்கப்படாத ஒருவர், அதுவும் பொறுப்பில் உள்ள ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். மனிதத் துன்பத்துக்குச் சமயங்கள் தந்த விளக்கங்களுள் முரண்பாடு மிகக் குறைந்தது கர்மக் கோட்பாடே என்று சமூகவியலாளர் மக்ஸ் வெபர் கருதினார். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது பரீட்சைக்குரிய விடயமாக மட்டுமே தெரிந்தது. முகாம்களில்தான் அதன் கனம் தெரிகிறது.

ஆனால் இந்த எண்ணத்துக்குப் பௌத்தத்தின் பெயரைச் சொல்வது சரியா? பாலி மொழி நூல்களில் இருப்பது வேறு.

சங்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடம் வந்து ஒரு கேள்வி கேட்கிறார். மனிதன் அனுபவிக்கும் இன்பம், துன்பம் எல்லாம் முன்வினையால்தான் வருகின்றன என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதே அது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றும் சேர்ந்து வருவது என முதல் நான்கு. ஐந்தாவது, பருவ மாற்றம். அடுத்தவை சரியான பராமரிப்பு இல்லாமை, பிறரால் நேரும் தாக்குதல் என்பன. வினைப்பயன் வருவது எட்டாவதாக, கடைசியில். எல்லாவற்றையும் முன்வினை என்று சொல்பவர்கள், தாமே நேரில் அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றும் அவர் கூறுகிறார்.

பருவ மாற்றம் ஒரு தனிக் காரணம். வினை வேறொரு காரணம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்தப் பிரிப்பு இன்று எங்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது! காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. அதனால்தான் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இதில் பதுளையிலோ கண்டியிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் முற்பிறப்புக்கு என்ன வேலை?

2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை மறந்திருக்க மாட்டோம். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். சொந்தமாகக் காணி இல்லாதவர், ஆபத்து என்று தெரிந்தவுடன் எழுந்து எங்கே போவார்? புத்தரின் பட்டியலில் இதற்கும் இடம் இருக்கிறது: சரியான பராமரிப்பு இல்லாமை.

அப்படியானால் பௌத்தத்தில் இயற்கைக்கும் மனித ஒழுக்கத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அங்குத்தர நிகாயத்தில் ஒரு சுத்தம் உண்டு. அரசர்கள் அறம் தவறினால் அதிகாரிகள் தவறுகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பிராமணரும் இல்லறத்தாரும், பின்னர் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் தவறுகிறார்கள். அதன்பின் சூரிய சந்திரர் முறை மாறுகிறார்கள், பருவங்கள் பிசகுகின்றன, காற்று தாறுமாறாக வீசுகிறது, மழை சரியாகப் பெய்வதில்லை, பயிர் ஒழுங்காக விளைவதில்லை. அதை உண்பவர்கள் நோயாளிகளாகிறார்கள். இதை வானிலை விஞ்ஞானமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். தொடங்குவது அரண்மனையில்; நோயாக வந்து முடிவது சோற்றை உண்பவரின் உடலில்.

கர்மம் என்பது எண்ணத்தோடு செய்யும் செயல், எண்ணமே கர்மம் என்பதும் புத்தரின் வரைவிலக்கணம். அறிந்து செய்வதுதான் வினை. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் முதல் அறிக்கை 1990இல் வெளிவந்துவிட்டது. அதன் பின்னர் தெரியாது என்று எந்த அரசும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. இலங்கையில் அது ஒரு தொன் அளவுதான். அதற்காக நாமும் சுத்தமானவர்கள் என்று கைகழுவ முடியாது. நுரைச்சோலையில் 900 மெகாவோற் அனல் மின் நிலையத்தை நிலக்கரியில்தான் ஓட்டுகிறோம். நகர வீட்டின் குளிரூட்டிக்கு அந்த மின்சாரமும் போகிறது; லயன் அறையின் ஒற்றை மின்குமிழுக்கும் போகிறது. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

சுற்றாடல் பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் எனக்குச் சங்கடம் தருவது இந்தத் தராசுதான். குடம் சுமந்து தண்ணீர் எடுக்கும் பெண்களைக் கூட்டி வைத்து, தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று விரிவுரை நடத்துகிறோம். சிக்கனம் பற்றிய மிக அழகான பௌத்தக் கதை அரண்மனையில் அல்லவா சொல்லப்பட்டது! கோசம்பியில் உதயன மன்னனின் அந்தப்புரப் பெண்கள் ஆனந்த தேரருக்கு 500 சீவரங்களைத் தானம் செய்தார்கள். மன்னனுக்குக் கோபம். இந்தத் துறவி இத்தனை துணியை வைத்து என்ன செய்வார், கடை போடப் போகிறாரா என்று நேரில் போய்க் கேட்டான். கிழிந்த சீவரம் உடுத்த பிக்குகளுக்குக் கொடுப்போம் என்றார் ஆனந்தர். அப்போது பழைய சீவரங்கள்? விரிப்பாக்குவோம். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். பழைய உறை தரை விரிப்பாகும், தரை விரிப்பு கால்துடைப்பாகும், கால்துடைப்பு தூசு தட்டும் துணியாகும். அதுவும் நைந்தால் நறுக்கி, களிமண்ணில் குழைத்து நிலம் மெழுகுவோம். மன்னன் வாயடைத்துப் போய்த் தானும் 500 துணிகளைக் கொடுத்தான்.

நம் அம்மம்மாவின் சேலை ஏணையாகி, பிள்ளைத் துணியாகி, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியானதும் இதே கதைதான். அவர்களுக்கு யாரும் பட்டறை நடத்தவில்லை. கேள்வி கேட்ட மன்னன்தான் பாடம் கேட்டுக்கொண்டான்.

எதையும் விதி என்று இருந்துவிடாத பௌத்தர்கள் நம் நாட்டிலேயே உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவத்தை வெளிநாட்டுக் கம்பனியைக் கொண்டு பெருமளவில் தோண்டுவதற்கான திட்டம் வந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர வேண்டிய நிலை இருந்தது. தாதுசேன மன்னன் காலத்து யோத எலவும் பாதிக்கப்பட இருந்தது. விவசாயிகள் சிலரும் ஊர் விகாராதிபதியும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. இயற்கை வளங்கள் அரசு நினைத்தபடி விற்பதற்கான சொத்தல்ல, மக்களுக்காக அது பாதுகாத்து வைத்திருக்க வேண்டியவை என்ற கருத்து அதில் இடம்பெற்றது. முழுமையான ஆய்வும் சட்டப்படியான அனுமதியும் இல்லாமல் அந்த ஒப்பந்தத்தைச் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கம்பனி வரவில்லை. எப்பாவலையில் இன்றும் வயல் விளைகிறது.