வேன் மீட்டர் நின்றால் டீசல் கணக்கும் நிற்கும்

நம் சங்க உறுப்பினர்களில் சொந்தமாகச் சரக்கு வேன் வைத்திருப்போர் பலர். மகாராஜபுரத்தில் தேங்காய் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் போய், திரும்பும்போது மளிகைச் சரக்கு கொண்டு வருவது எங்கள் வேனின் அன்றாட வேலை. ஒரு நாள் அதன் ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. கிலோமீட்டர் எண்ணும் நகரவில்லை. வண்டிதான் ஓடுகிறதே என்று விட்டுவிட்டோம்.

மாதக் கடைசியில் விளைவு தெரிந்தது. டீசல் பில் இருந்தது. ஓடிய தூரம் இல்லை. ஒரு நடைக்கு என்ன செலவு என்பதே தெரியாமல் போயிற்று. எஞ்சின் ஆயில் மாற்றும் தவணையும் தவறியது. பட்டறையில் சொன்னபடி மீட்டரையே மாற்றினோம். முள் அப்போதும் அசையவில்லை. பழுது மீட்டரில் இல்லை, கியர் பாக்ஸில் உள்ள சென்சாரில்! இந்த வீண் செலவு மற்ற உறுப்பினர்களுக்கு வரக்கூடாது என்றே இதனை எழுதுகிறோம்.

பழைய வேன்களில் கியர் பாக்ஸிலிருந்து மீட்டர் வரை ஒரு கேபிள் சுழலும். பின்னர் வந்த பல வண்டிகளில் அதற்குப் பதில் சென்சார் உள்ளது. 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்த காந்த விளைவைக் கொண்டு இவற்றில் பல இயங்குகின்றன. தண்டு சுழலச் சுழலச் சென்சார் மின்துடிப்புகளை அனுப்பும். அவற்றை எண்ணியே வேகமும் தூரமும் காட்டப்படுகின்றன. சில புதிய வண்டிகளில் சக்கரத்திலுள்ள ஏ.பி.எஸ். சென்சாரே இவ்வேலையைச் செய்யும். அவற்றில் கியர் பாக்ஸில் தேடிப் பயனில்லை.

செலவு குறைந்ததை முதலில் பார்க்க வேண்டும். முதலில் பியூஸ். அடுத்து வயரும் பிளக்கும். கிட்டங்கி அருகே நிற்கும் வண்டியில் எலி கடித்திருக்கலாம். பின்னர் சாவியைத் திருப்பி வைத்து, பிளக்கில் மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் வந்து, சக்கரம் சுழலும்போது சிக்னல் மட்டும் வராவிட்டால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

மாற்றும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுக்கக் கூடாது. கியர் பாக்ஸ் சூடு ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். பிளக்கை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, சென்சாரை மெல்லத் திருகி இழுக்கலாம். ஆயில் சொட்டும், கீழே தட்டு வையுங்கள்.

பழைய சென்சாரில் பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தால், புதியதன் பற்களோடு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் மீட்டர் தவறாகக் காட்டும். பல் மட்டும் தேய்ந்திருந்தால், தனியாகக் கிடைக்கும் வண்டிகளில் அதை மட்டும் மாற்றினால் போதும். புதிய ஓ ரிங்கில் சிறிது கியர் ஆயில் தடவிப் பொருத்தி, போல்ட்டை அளவாக இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் அலுமினிய மரை கெட்டுவிடும். சொட்டிய ஆயிலை ஈடுசெய்து, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வண்டியானால் அதன் சீலை நாமாக உடைக்கக் கூடாது.

மீட்டர் நின்ற நாளிலேயே அப்போதைய கிலோமீட்டரையும் தேதியையும் குறித்து வையுங்கள். பழுது தீரும்வரை ஒவ்வொரு நடையையும் நோட்டில் எழுதுங்கள். கல்லாவைத் தினமும் எண்ணும் நாம், வேனின் கணக்கை மட்டும் ஊகத்தில் விடலாமா?