சமையல் சிலிண்டரும் ஆய்வகச் சிலிண்டரும் ஒன்றல்ல

காரைக்குடியை ஒட்டிய சாக்கோட்டை வட்டாரத்துக்கு விஞ்ஞானம் அந்நியச் சரக்கல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருக்கின்றன. லித்தியம் பேட்டரி ஆய்வுக்கு ஆர்கான், எரிபொருள் மின்கலத்துக்கு ஹைட்ரஜன், இன்னும் பலதுக்கு நைட்ரஜன் என்று, சிலிண்டர் இல்லாமல் இந்தத் துறையில் ஒரு நாள் வேலை ஓடாது. லாரியிலிருந்து இறங்கும் அந்த நெட்டைச் சிலிண்டரைப் பார்க்கும் ஊர்க்காரருக்கும் சரி, புதிதாக எம்.எஸ்சி. சேர்ந்த மாணவருக்கும் சரி, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தது வீட்டு அடுப்படிச் சிலிண்டர் ஒன்றுதான். அங்கே படிந்த பழக்கத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுபோவதுதான் பாதி ஆபத்துக்குக் காரணம் என்பது என் கட்சி.

சமையல் சிலிண்டரை வடிவமைத்தவர்கள் நம் கவனத்தை நம்பவே இல்லை. குட்டையான உடம்பு, தரையில் அமர அடிவளையம், வால்வைச் சுற்றி இரும்பு வளையம். ரெகுலேட்டரைக் கழற்றினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் நம் கோடையிலும் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோவைத் தாண்டுவது அரிது. ஆய்வகச் சிலிண்டருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஒன்றரை மீட்டர் உயரம், வெறும் இரும்பே ஏறக்குறைய 50 கிலோ, நிற்பதற்கோ ஒரு சாண் அகல அடி. 47 லிட்டர் கொள்ளும் அந்தக் கூட்டுக்குள் 150 கிலோ அழுத்தத்தில் சுமார் 7,000 லிட்டர் வாயு அடைபட்டிருக்கிறது. வால்வுக்கு இருக்கும் ஒரே காவல் திருகுத் தொப்பி. ரெகுலேட்டர் மாட்ட அதையும் கழற்றியாக வேண்டும். அந்த நிலையில் சிலிண்டர் சாய்ந்து பித்தளை வால்வு முறிந்தால் வாயு ஒரு பக்கம் பீறிடும், சிலிண்டர் மறுபக்கம் பாயும். செங்கல் சுவரைக்கூடத் துளைக்கும் வேகம் அதற்கு உண்டு. ஆகவே சுவரில் பதித்த கொக்கியிலிருந்து, சிலிண்டரின் மேல்பாதியைச் சுற்றிச் சங்கிலி போட வேண்டும். மேசைக்காலில் கயிறு கட்டுவது கணக்கில் சேராது. நகர்த்தும்போது தொப்பி மாட்டித் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். கழுத்தைச் சாய்த்துப் பிடித்து அடியை உருட்டிக்கொண்டே போகும் வித்தை பல இடங்களில் நடக்கிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் அது என்றைக்குக் காலை வாரும் என்று சொல்ல முடியாது.

அடுப்படியில் நம்மைக் காப்பாற்றுவது மூக்கு. சமையல் வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றமருந்து சேர்க்கிறார்கள். நைட்ரஜன், ஆர்கான், ஹைட்ரஜன் எதிலும் அது இல்லை. “நைட்ரஜன்தானே, காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதானே” என்ற சமாதானம் அடிக்கடி காதில் விழும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அடைத்த அறையில் ஒரு முழு நைட்ரஜன் சிலிண்டர் கசிந்து காலியானால், 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும். இரண்டு காலியானால் 13 சதவீதத்தை ஒட்டி வரும். பத்துக்குக் கீழே போனால் ஆள் சட்டென்று நினைவிழப்பார். இதில் கொடுமை என்னவென்றால், மூச்சு முட்டும் உணர்வே வராது. உடம்பில் கரியமில வாயு சேர்ந்தால்தான் நமக்கு மூச்சுத் திணறும். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படி உரக்கச் சொல்வதில்லை. சித்திரை வெயிலுக்கு ஜன்னலை எல்லாம் சாத்தி ஏ.சி. போட்ட ஆய்வகத்தில் இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கல்ல.

ஹைட்ரஜன் வேறு வகை. சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். ஹைட்ரஜன் நேரே கூரைக்கு ஏறித் தங்கும். ஆகவே தரையோரத் திறப்பு அதற்கு உதவாது, உச்சியில் வழி வேண்டும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் அது எரியும். பற்றவைக்கக் கண்ணுக்குத் தெரியாத நிலைமின் பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடரும் சரியாகத் தெரியாது. 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அதிர்வலை ஆய்வகத்தில் நடந்த வெடிப்பில் ஆய்வாளர் ஒருவர் இறந்தார், மூவர் படுகாயமடைந்தனர். ஹைட்ரஜன் சிலிண்டரே காரணம் என்று அப்போது கருதப்பட்டது. நாட்டின் தலைசிறந்த கழகத்திலேயே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது; ஆனால் அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பிடிக்கும். இறுகிய குழாய்க்கு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விடும் வீட்டு வைத்தியம் இங்கே உயிருக்கு உலை. ஹைட்ரஜன் சிலிண்டரையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தவும் கூடாது.

“இத்தனை வருஷமாக இப்படித்தான் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். 2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த 49 லிட்டர் கலன் வெடித்து ஓர் ஆய்வாளர் கையை இழந்தார். அந்தக் கலனும் அதற்கு முன் பல தடவை சிக்கலில்லாமல் பயன்பட்டதுதான். நிலைமின் பொறியே காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது. விபத்து நடக்காத வருஷங்கள் ஏற்பாடு சரி என்பதற்குச் சாட்சியாகிவிடாது.

செலவைப் பற்றிய ஆட்சேபம் இதைவிட நியாயமானது. சிலிண்டர்களை வெளியே, கூரையிட்டுப் பக்கம் திறந்த கொட்டகையில் வைத்து, குழாய் வழியே வாயுவை உள்ளே கொண்டுவருவதுதான் முறை. சிறு கல்லூரிக்கு அது பெரிய பணம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலி சிலிண்டரைத் தேக்கி வைக்காமல் உடனே திருப்பி அனுப்பப் பணம் வேண்டாம். கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் படிக்கவும் பணம் வேண்டாம். நைட்ரஜன் போன்ற வாயுக்களின் சிலிண்டரைப் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகளின்படி குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. நாக்பூரில் தலைமையகம் உள்ள பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஆள் ஒவ்வொரு கல்லூரிக் கதவையும் தட்டப்போவதில்லை. அதனால் பொறுப்பு முழுக்கத் துறைத்தலைவர் மேசைக்கு வருகிறது. சிலிண்டருக்கு ஆர்டர் எழுதும் அதே தாளில் சங்கிலி, சுவர்க்கொக்கி, ஆக்சிஜன் அளவுமானி என்று மூன்று வரி சேர்த்தால் தணிக்கையில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.