காய்ச்சல் காட்டாத தொற்று

தன் சிவப்பணுக்களையே உடல் அழித்துவிடும் இரத்தசோகை, தோலில் கொப்புளங்களையும் பொருக்குகளையும் உண்டாக்கும் பெம்பிகஸ், ஓயாத அரிப்பைத் தரும் ஒவ்வாமைத் தோலழற்சி ஆகிய நோய்களில் நாயின் நோயெதிர்ப்பு மண்டலமே வரம்பு மீறிச் செயல்படுவதால், அதை அடக்கும் மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். இம்மருந்துகள் பல நாய்களின் உயிரைக் காப்பாற்றுகின்றன. ஆனால், நலமான நாயின் தோலிலும் குடலிலும் தீங்கின்றி வாழும் பாக்டீரியாக்களுக்கும், மண்ணில் இயல்பாக இருப்பவற்றுக்கும், காவல் தளர்ந்த உடலில் நோயை உண்டாக்க இடம் கிடைத்துவிடுகிறது. இவ்வாறு வருபவை சந்தர்ப்பவாதத் தொற்றுகள் எனப்படுகின்றன.

ஒவ்வொரு மருந்தும் காவலின் வெவ்வேறு பகுதியைத் தளர்த்துகிறது. ப்ரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு, கிருமிகளை விழுங்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டுத் திசுவுக்குள் செல்வதைக் குறைக்கிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் அவற்றின் எண்ணிக்கை கூடித் தெரிந்தாலும், தேவைப்படும் இடத்துக்கு அவை போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. சைக்ளோஸ்போரின், டி அணுக்களுக்குள் இருக்கும் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து அவை பெருகுவதை நிறுத்துவதால், அவற்றின் தூண்டுதலை எதிர்பார்த்திருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் தாம் விழுங்கிய கிருமிகளைக் கொல்ல முடியாமல் போகின்றன.

மண்ணிலிருந்து வரும் நாக்கார்டியா

அப்படிக் கொல்லப்படாமல் தப்பும் கிருமிகளில் ஒன்று நாக்கார்டியா. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோக்கார்ட் 1888இல் மாடுகளின் நோயொன்றில் கண்டறிந்த, கிளைவிட்ட இழை வடிவிலான இந்த பாக்டீரியா, காயத்தின் வழியாகவோ மூச்சுடன் சேரும் புழுதியின் வழியாகவோ உடலுக்குள் புகுந்து, ஆறாமல் சீழ் வடியும் புண்களையும் நுரையீரல் தொற்றையும் உண்டாக்குகிறது. நுண்ணோக்கியில் இதைப் போலவே தோன்றும் ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா பெனிசிலினுக்குக் கட்டுப்படும்; நாக்கார்டியாவுக்கோ வழக்கமாக சல்ஃபா வகை மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் இது மெதுவாக வளர்வதால், ஐயத்தை மருத்துவர் முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால், வளர்ப்புத் தட்டு உரிய காலத்துக்கு முன்பே அகற்றப்பட்டு, தொற்று இல்லை என்ற தவறான முடிவு வரக்கூடும்.

சிறுநீரில் ஒரு சிக்கல்

நீண்டகாலம் ஸ்டீராய்டு பெற்ற 127 நாய்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 18.1 விழுக்காட்டு நாய்களின் சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்தது. இத்தகைய நாய்கள் பலவற்றில் வலியோ சிறுநீரில் சீழணுக்களோ காணப்படுவதில்லை. அடிக்கடி சிறுநீர் கழித்தாலும், ஸ்டீராய்டு தாகத்தைக் கூட்டுவதால் பழி மருந்தின் மேல் போய்விடுகிறது. அறிகுறி இல்லாத நாயின் சிறுநீரில் பாக்டீரியா இருப்பதை மட்டும் கொண்டு பொதுவாக ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று 2019ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தேவையற்ற ஆன்டிபயாடிக் பயன்பாடு மருந்துக்குப் பணியாத கிருமிகளை வளர்க்கும் என்பதே அதன் கவலை. ஆனால் காய்ச்சல், வீக்கம், சீழ் ஆகியவை நோயெதிர்ப்பு மண்டலத்தின் செயல்களே என்பதால், அம்மண்டலம் அடக்கப்பட்ட நாயில் அறிகுறி இல்லாதது நோய் இல்லாததைக் காட்டுகிறதா, மருந்தின் விளைவைக் காட்டுகிறதா என்பதை அந்தந்த நாயின் நிலையை வைத்தே மருத்துவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை தொடங்கும் முன்பும் இதே விழிப்பு தேவை. தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் உண்ணிகள் பரப்பும் எர்லிகியா கேனிஸ் என்ற பாக்டீரியா இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, தன்னெதிர்ப்பு நோய் போலவே தோற்றமளிக்கும். அதைச் சோதிக்காமல் நோயெதிர்ப்பை மட்டும் அடக்கினால், டாக்சிசைக்ளினால் தீர்க்கத்தக்க அடிப்படை நோய் உள்ளே தங்கிவிடும்.

நோய் கட்டுக்குள் வந்ததும் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே தொற்றைத் தடுக்கும் முதன்மையான வழி. நீண்டநாள் கொடுத்த ஸ்டீராய்டை உரிமையாளர் தாமாகவே திடீரென்று நிறுத்தினால், அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோனைச் சுரக்க இயலாமல் நாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். பச்சை இறைச்சியைத் தவிர்ப்பதும், தடுப்பூசிக்கு முன் நாய் உட்கொள்ளும் மருந்துகளைத் தெரிவிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. உடல் வெப்பநிலை இயல்பாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளாமல், இரை எடுக்காமை, சோர்வு, எடைக்குறைவு, ஆறாத சிறு புண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.